மருந்து மணக்கும் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் ஒரு வளவை வாங்க வருபவர்கள் வீட்டைப் பார்க்குமுன் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். "நல்ல தண்ணியோ?" என்று கேட்பார்கள். "ஓம்" என்ற பதில் கிடைத்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். சமையல், குளிப்பு, தோட்டம், ஆடுமாடு எல்லாம் அந்தக் கிணற்றை நம்பியே இருக்கின்றன. தண்ணீர் அள்ளுவதும் சுமப்பதும் காய்ச்சுவதும் எப்போதும் பெண்களின் வேலை. கிணற்றை இறைத்துக் கலக்கித் துப்புரவாக்குவது மட்டும் ஆண்களின் வேலையாக இருந்தது. யுத்தத்தின் பின்னர் ஆண்கள் இல்லாத வீடுகளில் அந்த வேலையும் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதனோடு சேர்ந்து வந்ததுதான் குளோரீன் போடும் வேலை. கண்ணுக்குத் தெரியாத கிருமியிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் அந்த வேலையை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அந்த மணம்

குளோரீன் மணத்தை எங்களில் பலர் முதலில் அறிந்தது சொந்த ஊரில் அல்ல. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்டாவளைப் பக்கத்திலிருந்து புறப்பட்ட நாங்கள் முள்ளிவாய்க்கால் வரை போனோம். அங்கே கடற்கரை மணலில் கையால் கிடங்கு தோண்டி, ஊறிவந்த உவர்த் தண்ணீரைச் சீலைத் துணியால் வடித்துக் குடித்தோம். பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாம். அங்கே அருவியாற்றுத் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து, குளோரீன் கலந்து, தாங்கிகளில் நிரப்பினார்கள். வரிசையில் நின்று கலனில் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்தால் கலனைத் திறந்தவுடன் அந்த மணம் மூக்கில் ஏறும். சோற்றிலும் அந்த மணம், தேநீரிலும் அந்த மணம்.

அத்தனை ஆயிரம் பேர் நெருக்கமாக இருந்த இடத்தில் அந்த மருந்து இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். ஆனால் அந்த நாட்களில் யாரும் அதை எங்களுக்கு விளக்கவில்லை. எவ்வளவு போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. யாரோ கலந்தார்கள், நாங்கள் குடித்தோம். அதனால் ஊர் திரும்பிய பிறகும் எங்கள் பெண்கள் மனதில் குளோரீன் என்றால் முகாம் என்றே பதிந்திருந்தது.

திரும்பி வந்தபோது

2010 இல் மீள்குடியேற வந்தபோது வளவெல்லாம் பற்றைக் காடாகக் கிடந்தது. கிணற்றின் கட்டு ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். அதில் ஓலையும் தகரமும் செத்த விலங்கின் எலும்பும் மிதந்தன. கைவிடப்பட்ட கிணறுகளில் வெடிபொருட்களும் கிடந்ததுண்டு. ஆகையால் கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் வாளி விடவில்லை. இன்றும் பாழ்கிணறு ஒன்றைத் திறக்க நேர்ந்தால் முதலில் கிராம அலுவலருக்கு அறிவிப்பதே முறை.

அனுமதி கிடைத்ததும் ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து எங்கள் வளவுக் கிணற்றைத் துப்புரவாக்கினோம். ஒரு தொண்டு நிறுவனம் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றை இரண்டு நாளுக்குத் தந்தது. இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது என்பதை அன்றே சொல்லித் தந்தார்கள். அதன் புகை உள்ளே தேங்கினால் இறங்கியவர் மயங்கி இறந்துவிடுவார். இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே இருவர் நிற்காமல் எவரும் இறங்கவுமில்லை. சேற்றை வாரி வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, உடைந்த கட்டைச் சீமெந்தால் பூசி முடித்தபோது எங்கள் கைகள் கொப்பளித்திருந்தன. ஊறிவந்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. "இனி என்ன, குடிக்கலாம்தானே" என்று எல்லோரும் சொன்னோம்.

அடுத்த நாள் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, தண்ணி தெளிவா இருக்கு. ஆனா சுற்றிவர எத்தனை மலசலக் கிடங்கு புதுசா வெட்டியிருக்கு?" எண்ணிப் பார்த்தோம். நிரந்தர மலசலகூடங்கள் உடைந்துபோனதால் எல்லோரும் அவசரத்துக்குக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். அவற்றில் இரண்டு கிணற்றுக்கு மிக அருகில் இருந்தன. அந்த வாரமே பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சேலைன் ஏற்ற வேண்டிவந்தது. தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல என்ற பாடத்தை அந்தப் பிள்ளையின் குழிவிழுந்த கண்களைப் பார்த்தே நாங்கள் படித்தோம்.

ஆச்சியின் மறுப்பு

பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரீன் போட வேண்டும் என்றதும் முதலில் எதிர்த்தவர் எங்கள் ஒழுங்கையில் மூத்தவரான ஓர் ஆச்சி. "இந்த மணத்தை எங்கட வளவுக்குள்ள கொண்டுவராதேங்கோ பிள்ளை. நான் அள்ளமாட்டன்" என்றார். அவருடைய பேத்தி ஒருத்தி முகாமில் காய்ச்சலில் இறந்துபோனாள். கடைசியாக அந்தப் பிள்ளைக்கு அவர் பருக்கியது அந்த மணமுள்ள தண்ணீரைத்தான். அவரிடம் கிருமி பற்றியும் விஞ்ஞானம் பற்றியும் எவரும் வாதம் செய்யவில்லை. "சரி ஆச்சி, உங்களுக்கு நான் தனியா அள்ளிக் கொதிக்க வைச்சுத் தாறன்" என்று சொன்னேன். நன்றாகக் கொதித்துக் குமிழ்விட்ட தண்ணீரும் கிருமி அற்றதே. ஆனால் ஐந்து வீட்டுக்கும் நாள்தோறும் கொதிக்க வைப்பதற்கு விறகும் நேரமும் போதாது. அதோடு கொதித்து ஆறிய தண்ணீரில் ஓர் அழுக்குக் கை பட்டால் மீண்டும் கிருமி சேர்ந்துவிடும். குளோரீன் தண்ணீரிலேயே சிறிது தங்கிநின்று காவல் காக்கும். இதுவே அதன் சிறப்பு.

அளவில்தான் எல்லாம்

குளோரீன் புதிய சரக்கல்ல. 1897 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மெயிட்ஸ்ரன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது தண்ணீர்க் குழாய்களைச் சுத்திகரிக்க இதே வெளிற்றும் தூளைத்தான் பயன்படுத்தினார்கள். நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி, வயிற்றுளைவு ஆகியவற்றின் கிருமிகளை இது கொல்லும். எங்கள் சுகாதாரப் பணிமனைகளில் ரி.சி.எல். தூள் என்று சொல்வதும் இதன் ஒரு வகைதான்.

பரிசோதகர் எங்களுக்கு முதலில் விளக்கிய விடயம் இது. குளோரீன் உழைத்தால் செலவாகும். தண்ணீரில் சேறும் இலைகுழையும் இருந்தால் அது முதலில் அவற்றோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இராது. ஆகவே முதலில் துப்புரவு, பிறகு மருந்து. மருந்து போட்டுக் குறைந்தது அரை மணித்தியாலம் கழிந்த பின்னரும் தண்ணீரில் சிறிது குளோரீன் மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு லீற்றரில் அரை மில்லிகிராம் அளவு மிஞ்சியிருந்தால் போதும். இதைப் பார்க்க அவர் ஒரு சிறு பெட்டி கொண்டுவந்தார். நீச்சல் தடாகங்களில் தண்ணீரைச் சோதிக்கப் பயன்படுத்துவதும் இதே மாதிரிப் பெட்டிதானாம். சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒரு குளிசையைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தைப் பக்கத்திலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். நிறமே வராவிட்டால் குளோரீன் மிஞ்சவில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு தூள் போடுவது என்பதை அறியக் கிணற்றிலுள்ள தண்ணீரின் அளவு தெரிய வேண்டும். கணக்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். கிணற்றின் குறுக்களவை மீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் தண்ணீரின் ஆழம் வரும். அதனாலும் பெருக்குங்கள். வரும் தொகையை 0.785 ஆல் பெருக்கினால் கனமீற்றர் கிடைக்கும். ஒரு கனமீற்றர் என்பது 1000 லீற்றர். எங்கள் கிணறு 3 மீற்றர் குறுக்களவு, அன்று தண்ணீர் 2 மீற்றர். மூன்று மூன்று ஒன்பது, இரண்டால் பெருக்கினால் பதினெட்டு, 0.785 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14. அதாவது 14,000 லீற்றர்.

துப்புரவான கிணற்றுக்கு 1000 லீற்றருக்கு இரண்டரைக் கிராம் நல்ல வெளிற்றும் தூள் போதுமானது. எங்கள் கிணற்றுக்கு 35 கிராம். இவ்வளவுதானா என்று எல்லோரும் வியந்தோம். கடைத் தராசில் ஒருமுறை 35 கிராமை நிறுத்து, ஒரு யோகட் கோப்பையில் கொட்டி, அந்த மட்டத்தில் பேனையால் கோடு கீறி வைத்தோம். ஆனால் கடையில் விற்கும் தூள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. நான் சொல்லும் கணக்கு நூற்றுக்கு முப்பது பங்களவு குளோரீன் உள்ள சாதாரண தூளுக்கு உரியது. அதைவிட இரு மடங்கு வலிமையான தூளும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து, பரிசோதகரிடம் கேட்டே அளவைத் தீர்மானியுங்கள்.

போடும் முறை இதுதான். ஒரு பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீரை எடுத்து அதனுள் தூளை இட வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. தடியால் நன்றாகக் கலக்கிச் சிறிது நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலேயுள்ள தெளிவை வேறொரு வாளியில் வடித்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக நன்றாக அசைக்க வேண்டும். அடியில் படிந்த சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக்கூடாது. எல்லோரும் அள்ளி முடித்த பின்னர் இரவில் போட்டால் விடியும்வரை மருந்து நன்றாக வேலை செய்யும், வெயிலில் வீணாவதும் குறையும்.

முதல் நாள் விடிய அள்ளிப் பார்த்தோம். மணம் இருந்தது, ஆனால் முகாமில் போல மூக்கைத் துளைக்கவில்லை. குடத்தை மெல்லிய துணியால் மூடிச் சில மணித்தியாலம் வைத்தபோது அதுவும் குறைந்தது. சோதனைக் குழாயில் வந்த இளஞ்சிவப்பை ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "அங்க எவ்வளவு போட்டவையெண்டு ஆருக்குத் தெரியும். இது நீ நிறுத்துப் போட்டதெல்லே" என்றார். அன்றே குடித்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஏழெட்டு மாதம் அவருக்குக் கொதித்த தண்ணீர்தான். ஒருநாள் கேட்காமலே எங்கள் குடத்தில் ஒரு செம்பு அள்ளிக் குடித்தார். நான் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டேன்.

வெள்ளம் வந்த வருடம்

2018 ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெய்த பெருமழை பலருக்கு நினைவிருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. மலசலக் கிடங்குகளும் கிணறுகளும் ஒரே வெள்ளத்தின் கீழ் கிடந்தன. பாடசாலையில் தங்கியிருந்து திரும்பி வந்தபோது கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

இந்த முறை எவருக்கும் காத்திருக்கவில்லை. எங்கள் மாதர் சங்கத்தில் ஒழுங்கைக்கு இருவராகப் பிரிந்து கிணறுகளை அளந்தோம். வெள்ளம் வடிந்தவுடன் கிணற்றை ஒரேயடியாக இறைத்து வெறுமையாக்கக்கூடாது. சுற்றியுள்ள மண் ஊறியிருப்பதால் கட்டு இடிந்து விழக்கூடும். ஆகவே சில நாள் பொறுத்து, மெல்ல மெல்ல இறைத்தோம். அதுவரை குடிக்க பவுசர் தண்ணீரையே எடுத்தோம்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 35 கிராம் கணக்கு சரிவராது. துப்புரவாக்கிய பின் கிணற்றையே கழுவுவதற்காக ஒருமுறை பெரிய அளவில் மருந்து போட வேண்டும். 1000 லீற்றருக்கு ஏறத்தாழ 165 கிராம், எங்கள் கிணற்றளவுக்கு இரண்டேகால் கிலோவுக்குச் சற்றுமேல். இதைப் பரிசோதகர் பக்கத்தில் நிற்கும்போதே செய்தோம். கிணற்றின் உட்சுவருக்கும் அதே தண்ணீரை அள்ளி ஊற்றி, வாயை மூடிக் கட்டி, ஓர் இரவும் மறுநாள் காலையும் ஒருவரும் அள்ளாமல் காவல் இருந்தோம். ஒரு சிறு பிள்ளை தெரியாமல் குடித்துவிட்டால் ஆபத்தல்லவா? அந்தக் காவலுக்குக் கதிரை போட்டு உட்கார்ந்தவர் யார் தெரியுமா? எங்கள் ஆச்சிதான். மடியில் ஒரு மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, வாளியோடு வந்தவர்களை எல்லாம் "இன்னும் நேரம் கிடக்கு, போட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பினார். பிறகு மணம் குறையும்வரை அந்தத் தண்ணீரை இறைத்து, தோட்டத்துக்கும் குளத்துக்கும் போகாமல் வெறுந்தரையில் விட்டோம்.

அந்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் வயிற்றோட்டத்தால் ஒரு பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரவில்லை.

குளோரீன் செய்யாதவை

மருந்து என்று சொல்வதால் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எண்ணக்கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் கரையோரக் கிணறுகள் உவராகின. குளோரீன் உப்பை எடுக்காது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் பசளையிலிருந்து சேரும் நைத்திரேற்றையும் எடுக்காது. எண்ணெய், கிருமிநாசினி, சிறுநீரக நோய்ப் பயமுள்ள இடங்களில் தண்ணீரிலுள்ள கனிப்பொருள் எதற்கும் இது பரிகாரமல்ல. அப்படிச் சந்தேகம் உள்ள கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். மலசலக் கிடங்கு கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல், மணல் நிலத்திலும் சுண்ணக்கல் நிலத்திலும் இயன்றவரை அதைவிடத் தூரத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் தூளை மட்டும் கொட்டுவது ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் வார்ப்பது போன்றது.

ஒருமுறை போட்ட மருந்து நெடுநாள் நிற்காது. திறந்த கிணற்றில் ஓரிரு நாளில் செலவாகிவிடும். ஆகவே நோய் பரவும் காலத்திலும் மாரியிலும் பரிசோதகர் சொல்லும் ஒழுங்கில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். வீட்டுக் குடத்துக்கென்று குளோரீன் குளிசைகளும் உண்டு. ஒரு குளிசை எத்தனை லீற்றருக்கு என்று உறையில் பார்த்துப் போடுங்கள்.

தூளைக் காற்றுப் புகாத பாத்திரத்தில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். திறந்து வைத்த தூள் நாளடைவில் வலிமை இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடும் வினாகிரியோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும். மண்ணெண்ணெய்க்கும் பசளைக்கும் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கவும் கூடும். கையாளும்போது கண்ணையும் மூக்கையும் மறைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, இடம்பெயர்ந்த காலத்தில் நாங்கள் என்ன உண்பது, எங்கே உறங்குவது, எதைக் குடிப்பது என்பதையெல்லாம் மற்றவர்களே தீர்மானித்தார்கள். இன்று எங்கள் கிணற்றில் என்ன இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது என்பதை நாங்களே அளந்து அறியலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஓர் அளவுநாடா, ஒரு கயிறு, கோடு கீறிய ஒரு யோகட் கோப்பை, ஒரு கொப்பி ஆகியவை போதும். எங்கள் சங்கக் கொப்பியில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம் இருக்கின்றது. குறுக்களவு, ஆழம், மருந்து போட்ட திகதி, மிஞ்சிய அளவு எல்லாம் எழுதப்பட்டுள்ளன. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். முதல் வேலையாக, நாளைக் காலையில் உங்கள் கிணற்றின் குறுக்களவை அளந்து கட்டின் மேல் பூச்சால் எழுதி வையுங்கள். வெள்ளம் வந்த பின் அளவுநாடாவைத் தேடித் திரிய நேரமிராது.